நிலைக்குப் பொருந்தாத கதவு

வீட்டுத்திட்டத்தில் வந்த கதவு
நிலையைவிட இரண்டு அங்குலம் அகலம்.
மாற்றித் தருவதாகச் சொன்னவர்
மாற்றலாகிப் போய்விட்டார்.
நான்கு சீமெந்துக் கல்லின்மேல் படுக்கவைத்தோம்.
முத்தையன்கட்டு இடதுகரையில்
எங்கள் பள்ளிக்கூடம் அதுதான்.
ஒரு கதவு, இரண்டு பிள்ளைகள்,
உயர்தரத்தில் கணக்கியல் படித்து
பாதியில் விட்ட நான்.

பஸ் எட்டேகாலுக்கு வரும்.
பள்ளிக்கூடம் ஏழரைக்குத் தொடங்கும்.
நடுவில் ஏழு கிலோமீற்றர் தேக்கங்காடு.
இந்த வருடம் போதும் என்று நிறுத்தினேன்.
கணக்கு வருகிறது.
சுற்றாடல் பாடம் வாசலிலேயே நிற்கிறது,
சிலநாள் சாணம் போட்டுவிட்டும் போகிறது.
கதைதான் வரமாட்டேன் என்கிறது.

கபிசனின் முதல் கதை, முழுவதும்:
"யானை வந்தது. வெடி போட்டார்கள். யானை போய்விட்டது."
திறப்புத் துவாரத்தில் பென்சிலைச் செருகினான்.
அது கீழே விழுந்த சத்தம்தான் முற்றுப்புள்ளி.

ஆர் வெடி போட்டது? எந்தப் பக்கத்தால் வந்தது?
"நான் பாக்கேல்ல. நித்திரை."
நித்திரையில உனக்கு என்ன தெரிஞ்சது?
கொஞ்சம் யோசித்தான்.
"நீங்கள் என்ர காதைப் பொத்தினது."
அதை எழுது என்றேன்.
"அது யானைக் கதை இல்லையே."

யதுர்சிகாவின் கதையில்
மாளிகை, பனி, வெள்ளைக் குதிரை.
பனி கண்டிருக்கிறியா?
இல்லை.
குதிரை?
"ரீவீல."
இஞ்ச நடக்கிறதை எழுதன் பிள்ளை.
பேனையை மூடிவைத்து
அலுத்துப்போன குரலில் சொன்னாள்:
"இஞ்ச ஒண்டும் நடக்கிறேல்ல, அம்மா."

அடுப்பில் எதுவும் இல்லை.
ஆனாலும் குசினிக்குப் போனேன்.
பானையைத் திறந்து பார்த்து மூடினேன்.
அவளுக்குப் பதினொரு வயது.
பதினொரு வருடமாய் இஞ்ச ஒண்டும் நடக்கவில்லை.
அந்த வசனத்துக்கு
நூற்றுக்கு எத்தனை புள்ளி போடுவது?

திரும்பி வந்து தொண்டையைச் செருமினேன்.
கதையெண்டால்
ஆருக்காவது ஏதாவது வேணும்.
அதை ஏதாவது மறிக்க வேணும்.
அவ்வளவுதான்.
(இரவிரவாக யோசித்துக் கண்டுபிடித்தது.)

கபிசன் எழும்பியே விட்டான்.
"யானைக்குப் பூசணிக்காய் வேணும்.
மறிச்சது நாங்கள்."
ஓம்.
"அப்ப அது யானையின்ர கதை!"

பாத்தி என்னுடையது.
நாற்பத்திரண்டு காய், எண்ணிவைத்தவை,
சந்தைக்குப் போவதற்கு முதல்நாள்.
எனக்கு அது தோன்றியிருக்காது.

பின்னேரம் கொப்பியைத் தந்தான்:
"எனக்கு அன்று நல்ல பசி. தூரத்தில் ஒரு வீட்டில் லைற் எரிந்தது. அங்கே ஒரு அம்மா ஒரு பொடியனின் காதைப் பொத்திக்கொண்டு இருந்தா. எனக்கும் காது இருக்கு. என்ர காது பெரிசு. அதை ஆர் பொத்துவது?"

எழுத்துப்பிழை மூன்று.
ஒன்றைத் திருத்தினேன்.
மற்ற இரண்டும் எங்கே என்று
பிறகு தேடவில்லை.

அக்காவும் வாசித்தாள்.
ஒன்றும் சொல்லவில்லை.
பனியை வெட்டிப் புழுதி என்று எழுதினாள்.
குதிரையை விட மனமில்லை,
எங்கள் வாய்க்காலுக்குக் கொண்டுவந்து
தண்ணீர் குடிக்க விட்டிருக்கிறாள்.
மாளிகைக்காரி இப்போது சந்தியில்
குடையோடு பஸ் பார்த்து நிற்கிறாள்.
பஸ் வருமா?
"தெரியாது. நாளைக்குத்தான் எழுதுவன்."

இனி நீங்கள் எழுதுங்கோ என்றார்கள்.
எனக்கு என்ன வேணுமாம், எது மறிச்சதாம்.
நல்ல பிடி பிடித்தார்கள்.
கதவில் கொப்பியை விரித்து,
"பதினெட்டு வயதில் எனக்கு"
என்று எழுதினேன்.

"பிறகு?"

வெளியே கோழிகள் அடைய வந்தன.
விதை ஊறப்போட வேணும் என்றேன்.
மோட்டரை நிற்பாட்ட வேணும் என்றேன்.
பென்சிலைத் திறப்புத் துவாரத்தில் போட்டேன்.
இம்முறை சத்தம் கேட்கவில்லை.

கபிசன் கதவுக்கு அடியில் படுத்திருந்தான்.
பென்சிலின் கூர் மெல்ல
துவாரத்தால் மேலே வந்தது.