ஒரு ஸ்டேப்ளர் முள்

முப்பத்தெட்டாயிரம் ரூபாய் மிச்சம் என்றேன்.
யோகமலர் அக்கா கல்குலேட்டரைத் தன் பக்கம் திருப்பி
இன்னொரு தரம் தட்டிப் பார்த்தாள்.
கணக்குச் சரி.

கட்டுநாயக்காவிலிருந்து மும்பாய்க்கு ஒரு டிக்கெட்,
மும்பாயிலிருந்து லண்டனுக்கு வேறொன்று.
இடையில் மூன்று மணி நாற்பது நிமிடம்.
'தாராளம்' என்ற சொல்லை
நான்தான் சொன்னேன்.

கொழும்பு பஸ் பிந்தினால்
கயிறு அவிழ்க்காமல் காத்து நின்ற
மூதூர் லோஞ்சில் ஏறி வளர்ந்தவன் நான்.
யாரோ ஒருவன் ஜெட்டிக்குச் சொல்லி அனுப்புவான்.
ஆகாயத்திலும் அப்படி ஒருவன் இருப்பான் என்று
மனதின் ஒரு மூலை நம்பியிருக்க வேண்டும்.

அன்று கட்டுநாயக்காவில் மழை.
முதல் விமானம் மூன்று மணி நேரம் தரையில் நின்றது,
மன்னிப்புக் கேட்டது, பணிஸ் கொடுத்தது,
மும்பாயில் இறக்கிவிட்டுக் கையைக் கழுவியது.
இரண்டாவதுக்கு முதலாவதைத் தெரியாது.
தெரிய வேண்டுமென்று எந்தத் தாளிலும் இல்லை.
இரண்டு தாளையும் சேர்த்து நான் குத்திய
ஒரு ஸ்டேப்ளர் முள்
அவ்வளவுதான் அவற்றுக்கிடையே இருந்த உறவு.

பெட்டி குடிவரவுக்கு அங்கால்.
விசா இல்லாத அக்கா இங்கால்.
மகளின் தாலிக்கொடி கைப்பையில்,
கூறை பெட்டியில்.

இரவு பதினொன்றரைக்குப் போன் வந்தது.
ஏசவில்லை.
"கூறை அங்கால சுத்துதாம் தம்பி.
மற்றப் பிளேனுக்கு ஒருக்காச் சொல்லேலாதோ,
நான் இங்கதான் நிக்கிறன் எண்டு?"

வந்து நின்றவளை
'வரவில்லை' என்று பதிந்திருந்தார்கள்.
அதனால் லண்டனிலிருந்து திரும்பும் பயணமும்
தானாக இரத்து.

புது டிக்கெட்டின் விலையை
வாயால் சொல்ல வரவில்லை, எழுதி அனுப்பினேன்.
வாசலில் ஒரு மான்
என் சுவரொட்டியின் கீழ்மூலையைக் கிழித்து
நிதானமாக மென்றுகொண்டிருந்தது.
விரட்டவில்லை.

கலியாணம் சனியிலிருந்து செவ்வாய்க்குத் தள்ளிப்போனது.
மண்டபக் காசு தள்ளிப்போகவில்லை.

இப்போது நான் முள் குத்துவதில்லை.
இரண்டு தாளையும் மேசையில் தள்ளித் தள்ளி வைத்து
நடுவிலுள்ள வெறும் பலகையில் விரலை ஊன்றி
"இந்த இடத்துக்கு ஒருத்தரும் பொறுப்பில்லை" என்கிறேன்.

பலகையைப் பார்க்கிறார்கள்.
தலையாட்டுகிறார்கள்.
பிறகு, எவ்வளவு மிச்சம் என்று கேட்கிறார்கள்.