கடைசியாகப் பார்த்த தேதி

ஜூன் முழுக்க மூடுபனி.
செயின்ட் ஜான்ஸ் துறைமுகம்
இருக்கிறேன் இருக்கிறேன் என்று
சங்கு ஊதித்தான் சொல்லிக்கொள்கிறது.
குழந்தைகள் மருத்துவமனையின் அடித்தளத்தில்
ஜன்னல் இல்லாத அறை,
இரண்டு திரை, ஒரு காப்பிக் குடுவை,
நானும் ப்ரெண்டன் டிஸார்டும்.
அவனுக்கு முதுகெலும்பு, எனக்கு இடுப்பு.
கோடை முடிவதற்குள் ஆளுக்கொரு கட்டுரை.

காலையில் நாற்பத்தெட்டு டிகிரி என்ற வளைவை
மதியம் ஐம்பத்தொன்று என்கிறான்.
ஐம்பதைத் தாண்டினால் கத்தி
என்று தனக்கே முணுமுணுத்து
எழுந்து போகிறான்.
அந்த மூன்று டிகிரிக்குள்
யாரோ ஒரு பெண்பிள்ளை
பள்ளிக்கூட மேசையில் சாய்ந்திருக்கிறாள்.

என்னுடையவை சின்னவை.
கிண்ணத்தில் உட்காராத பந்துகள்.
பிறந்த எட்டாம் மாதம், பத்தாம் மாதம்,
மயக்கம் கொடுத்து, கீறாமல்,
பந்தைக் கிண்ணத்துக்குள் அமர்த்தி
மார்பிலிருந்து கணுக்கால்வரை மாவுக்கட்டு.
ஒக்கலில் வைத்ததுபோலக் கால்கள் விரிந்து
யார் ஒக்கலிலும் இல்லாமல்
மூன்று மாதம்.

இருநூற்றுப் பன்னிரண்டு பேர்.
பெயர்களை நீக்கிவிட்டார்கள்.
கிண்ணத்தின் சரிவு எவ்வளவு, அளந்து எழுத வேண்டும்.
இரண்டு வாரம் கழித்து
எழுதியதைப் பார்க்காமல்
மறுபடி அளக்க வேண்டும்.
மறப்பதற்கென்றே தரப்பட்ட இரண்டு வாரம்.
மறந்தேன். ஒழுங்காகவே மறந்தேன்,
எண்பத்தெட்டைத் தவிர.

எண்பத்தெட்டில் ஒரு கை இருக்கிறது.
குழந்தை திமிறாமல் முழங்காலைப் பிடித்த கை,
ஓரத்தில், வரக்கூடாத இடத்தில்.
நான்கு விரல் எலும்புகள்,
ஒன்றின்மேல்
எலும்பைவிட வெள்ளையாய் ஒரு மோதிரம்.
கை தெரிந்ததுமே முப்பத்தாறு டிகிரியும் தெரிந்துவிட்டது.
டாக்டர் பெல்லியிடம் சொன்னேன்.
அங்கியின் நாடாவை முடிந்தபடி
"குறைபாடுகள் பகுதியில் ஒரு வரி போடு" என்றார்.
அளப்பவரின் நினைவு முடிவைப் பாதித்திருக்கலாம்.
அந்த ஒரு வரிக்கு ஒரு மணி நேரம் ஆனது.

ஜூலை.
முப்பத்தொரு பேர் தொடர்பில் இல்லை.
வரச்சொன்ன நாளில் வரவில்லை, அவ்வளவுதான்.
படகு ஓடாத நாளாக இருக்கும்,
நண்டுப் பருவமாக இருக்கும்,
அப்பா ஆல்பர்ட்டாவுக்கு வேலைக்குப் போயிருப்பார்.
அவர்களுக்கென்று அட்டவணையில் ஒரு வரிசை:
கடைசியாகப் பார்த்த தேதி.
நெறிமுறைக் குழுவின் அனுமதி வந்தது,
உறையில் மூடிய ஒரு தாள் வந்தது,
எண்களுக்கு எதிரே தொலைபேசி.

எண்பத்தெட்டு, ஃபோகோ தீவு.
ஏழாவது மணியில் எடுத்தாள்.
"ஜோசி ஹைன்ஸ் பேசுகிறேன், மருத்துவமனையிலிருந்து…"
"யாருக்கு என்ன ஆச்சு?"
"யாருக்கும் ஒன்றுமில்லை. ஆய்வு மாணவி நான்."

கேள்விகள் பதினொன்று.
நடக்கிறாளா, நொண்டுகிறாளா, படி ஏறுகிறாளா.
"நடக்கிறாளாவா? ஹாக்கியில் கோல் காக்கிறாள் கண்ணு!
பனியில் முட்டி போட்டு
இப்படி, இரண்டு பக்கமும் காலைப் பரத்திக்கொண்டு…"
இப்படி என்று அவள் காட்டியது
எனக்குத் தெரியவில்லை. தெரிந்தது.

"ஆட்டம் முடிந்தால் வலிக்கும்போல.
என்னிடம் சொல்லமாட்டாள்.
காலுறை போடும்போது பார்த்திருக்கிறேன்."
வலி, சில சமயம்: ஒன்று என்று இட்டேன்.
சொல்லாததைப் பார்த்தவளுக்குக் கட்டம் இல்லை.

பின்னால் குழாய் ஓடியது.
பாத்திரத்தில் ஏதோ உலோகம்
இரண்டு தரம் தட்டியது.
கேட்கக்கூடாது. படிவத்தில் இல்லை.
கரண்டியாகவும் இருக்கலாம்.

"அந்தப் படமெல்லாம் இன்னும் வைத்திருக்கிறீர்களா?"
வைத்திருக்கிறோம் என்றேன்.
"அழுகிறாளா அதில்?"
எலும்பில் அது விழாது என்றேன்.
கொஞ்ச நேரம் தண்ணீர் மட்டும் ஓடியது.

ஜூலை பத்தொன்பது என்று நிரப்பினேன்
கடைசியாகப் பார்த்த தேதியில்.
பார்க்கவில்லை.

"நீ வந்து பாரேன்" என்றான் ப்ரெண்டன்,
"நாற்பத்தொன்பதா, ஐம்பதா?"
நாற்காலியை இழுத்துக்கொண்டு போனேன்.