எழுதிக்கொண்டிருக்கிறார்…

உவர்மலை இறக்கத்தில் டவர் நன்றாக இழுக்கும்.
அங்கே நின்றுதான் போட்டேன்:
கடற்படை வேலிக்குள் போன
எங்கள் கரைவலைப்பாட்டின் படம்.
கீழே நாலே சொல். கெட்ட வார்த்தை ஒன்றுமில்லை.

மூன்றாம் நாள் கடைக்கு வந்தார்கள்.
சிவில் உடுப்பு, சப்பாத்து மட்டும் பொலிஸ்.
ரீலோட் போட வந்தவர்கள்போல் கண்ணாடியில் சாய்ந்து,
"தங்கச்சி, சும்மா கேக்கிறது.
லைக் போட்ட முப்பத்தொரு பேர்,
யாரு யாரு தெரியும்?
நாளைக்கு ஸ்டேசன் வந்தா நல்லம்."

முன்பு கடிதத்தைப் பிரித்தால்
பசை காட்டிக்கொடுக்கும்.
சாவடியில் பஸ்ஸை நிறுத்தினால்
இறக்கப்பட்டோம் என்றாவது தெரியும்.
இப்போது ஒவ்வொரு செயலிக்கும்
'சம்மதம்' என்று நானே அமத்துகிறேன்,
வாசிக்காமல், அவசரத்தில்,
ஏதோ கல்யாணம் பேசி வந்ததுபோல.

இந்த ஆட்சிக்கும் நான்தான் புள்ளடி போட்டேன்.
மாறித்தான் இருக்கிறது:
ஸ்டேசன் கதிரைக்குப் புது உறை,
ஒரு கோப்பை பிளேன்டீ,
என் பெயரைப் பிழையில்லாமல் சொல்கிறார்கள்.
கேள்வி அதேதான்.

ஒருவரையும் தெரியாது என்றேன்.
சாரங்கனைத் தெரியும். றிஸ்வியாவைத் தெரியும்.
இரவுக்குள் முப்பத்தொன்று பதினேழாகி
விடியும்போது நாலு.
கோபமில்லை. அவர்களுக்கும்
பிள்ளை, பாஸ்போட், வங்கிக் கடன்.

பஸ் நிலையத்தில் மானொன்று
தேர்தல் சுவரொட்டியைத் தின்றுகொண்டு நின்றது.
தலைவரின் நாடிவரை வந்துவிட்டது.
அதை ஒருவரும் விசாரிக்கவில்லை.

குழுவில், ஒரு மணி தாண்டி,
றிஸ்வியா எழுதிக்கொண்டிருக்கிறார்… என்று காட்டியது.
நின்றது.
மறுபடி காட்டியது.
சார்ஜரைச் செருகிவிட்டுப்
பார்த்துக்கொண்டிருந்தேன்.