மூன்றாம் எண் கூண்டு

பாம்பனில் மூன்றாம் எண் ஏற்றியாச்சு.
டோக்கன் கிடையாது.
ஏற்றி வைத்த ஐஸ்
பலகை இடுக்கில் ஒழுகுகிறது.

"மெட்ராசில உக்காந்து எவனோ எழுதுறான்,
கடலு கண்ணாடியாக் கிடக்கு" என்று
காறித் துப்புகிறார்
சம்மாட்டி கிதியோன்.

எவனோ இல்லை,
ஜெசிந்தா.
அறிக்கையின் அடியில் இருப்பது
என் மூத்தவளின் கையெழுத்து.
போன மாதம்தான்
அந்த நாற்காலி கிடைத்தது அவளுக்கு.

நான் வாய் திறக்கவில்லை.
திறந்தால் டீசல் காசு கேட்பார்.

எனக்கும்தான் தெரிகிறது
கொண்டல் சோம்பிக் கிடப்பது.
முப்பது வருசமாக நான் படித்த காற்று
அவள் படித்த காற்றோடு
இன்றைக்கு ஒத்துப்போகவில்லை.

எல்லோரும் கலைந்த பிறகு
வள்ளத்துக்கு
இன்னொரு கயிறு போட்டேன்.
முடிச்சை இழுத்தும் பார்த்தேன்.

ராத்திரி போனில் கேட்டாள்,
"கடலுக்குப் போகலியேப்பா?"

"நீ எங்க விட்ட" என்றேன்.