மூன்று அங்குலம்

லெய்ட்ரிமில் மழையைப் பற்றி யாரும் பேசுவதில்லை.
நிற்கும் தண்ணீரைப் பற்றித்தான் பேச்சு.

இரண்டு முளை, ஒரு கயிறு, ரசமட்டம்.
குமிழி நடுவுக்கு வரும்வரை மலக்கி மூச்சுவிடவில்லை.
பிறகு அளந்து சொன்னான்:
"மூன்று அங்குலம். வீட்டைப் பார்த்துச் சரிகிறது."

பதினோரு வருடம்
சுவரில் பூத்த உப்புக்கு நான் மழையைத் திட்டினேன்,
ஓரன் என்னைத் திட்டினான்,
ஜன்னலைத் திறப்பதே இல்லை என்று.
அதுவோ
பள்ளம் கண்ட வழியில் வந்துகொண்டிருந்தது,
அழைத்த வீட்டுக்கு வருவதுபோல.

வேலியோரம் தோண்டினோம்.
களிமண் மண்வெட்டியை விடமாட்டேன் என்றது,
ஒருமுறை என் பூட்ஸையும் வாங்கிக்கொண்டது.
முழங்கால் ஆழத்தில் துணி, சரளை,
ஓட்டைக் குழாய், மறுபடி சரளை.

வேலிக்கு அப்பால் நோரீன் கெராட்டி,
இடுப்பில் ஈரத்துணிக் கூடை:
"எங்கே அனுப்புகிறீர்கள் அதை?"

யோசிக்கவில்லை.
குழாயின் வாய்
அவள் முட்டைக்கோஸ் பாத்தியைப் பார்த்துத் திறந்திருந்தது.

இன்னும் நாற்பதடி, சாலையோர வாய்க்கால்வரை.
பாதியில் அவளும் மண்வெட்டியோடு வந்தாள்,
உதவிக்கா காவலுக்கா, கேட்கவில்லை.

இரவு மழை.
டார்ச்சோடு வாய்க்காலருகே குந்தியிருந்தேன்.
குழாய் இருமுறை இருமி,
பழுப்பாய்த் துப்பி,
ஓடத் தொடங்கியது.

ஓரனுக்குச் சொல்ல எடுத்த போனை
நனையாமல் பைக்குள் வைத்துக்கொண்டேன்.