ஐப்பசியில் தண்ணீர் நிற்குமா

உத்திராபதி எந்த வீட்டையும்
சமையலறையில் இருந்துதான் காட்டத் தொடங்குவார்.
டைல்ஸ், சிம்னி, வாஷ்பேசின்.
நான் கொல்லைக்கதவைத் திறந்து
செருப்பைக் கழற்றி
மண்ணில் குதிகாலை அழுத்திப் பார்ப்பேன்.

களி.
பண்டாரவாடையில் களி, வழுத்தூரில் களி,
வலங்கைமானுக்கு இப்பால் மூன்று வீடு,
மூன்றும் களி.
நெல்லுக்குப் பால் கட்டும் மண்
குளம்புக்குச் சீழ் கட்டும்.

போன கார்த்திகையில்
முன் வலது குளம்பு அழுகி
பதினெட்டு நாள்
மூன்று காலில் நின்றாள் பொடிமட்டை.
மூக்குப்பொடி நிறம், அதனால் அந்தப் பேர்.
ரேக்ளாவில் இரண்டு குத்துவிளக்கும் ஒரு மிக்சியும்
ஜெயித்துக் கொடுத்தவள்.
வாடகை வீட்டுக்காரர் லத்தியை மன்னித்தார்.
நடுராத்திரிக் கனைப்பை மன்னிக்கவில்லை.

"மேட்டு மனையா? இந்தப் பக்கம்
அது குதிரைக்கொம்பும்மா."
சொன்ன பிறகுதான் உறைத்து
தானே சிரித்தார் உத்திராபதி.
கலிமுல்லா சிரிக்கவில்லை.
தோள்பட்டையில் கம்பி வைத்த ஆள்,
சிரித்தால் இழுக்கும்.

ஏழாவது வீடு ஞானசௌந்தரி டீச்சருடையது.
முப்பது குழி. ஆறு படி ஏறி வாசல்.
டீச்சர் ஓசூருக்கு மகனோடு போகிறார்.
கூடத்து மூலையில் காலியாய் ஒரு குதிர்;
ஓர் ஐகாரம் சேர்த்தால்
வந்த வேலை முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன்.

கொல்லைக் கோடியில், வாய்க்காலை ஒட்டி
ஒரு தகரக் கொட்டகை.
அங்கே குதிகால் புதையவில்லை.
மார்கழியிலும்
விரலிடுக்கில் பொலபொலவென உதிரும் மணல்.
"ஐப்பசியில் தண்ணீர் நிற்குமா?"
"ஐப்பசி வந்தா ஊர்ப் பாம்பெல்லாம்
இங்கேதான் ஏறி வரும்" என்றார் டீச்சர்,
விற்கிறவர் சொல்லக்கூடாத ஓர் உண்மையை.
அன்றைக்கே ஐம்பதாயிரம் முன்பணம்.

பிறகு சர்வேயர் வந்தார்.
சங்கிலி இழுத்தார், புல்லை விலக்கிக் கல் தேடினார்.
கொட்டகைக்கு இந்தப் பக்கமே
கல் அகப்பட்டுவிட்டது.
வருஷாவருஷம் வாய்க்காலைத் தூர்வாரி
யார் யாரோ கொட்டிய மணல்தான் அந்த மேடு.
புறம்போக்கு.
எங்கள் பணத்துக்கு வருவது முப்பது குழியும் களி.
காய்ந்த தரை மொத்தமும் சர்க்கார்.
டீச்சர் அதற்கென்று ஒரு ரூபாய் குறைக்கவில்லை.

முன்பணத்தைத் திருப்பிக் கேட்கத்தான்
மறுநாள் போனோம்.
நான் பேசிக்கொண்டிருக்கும்போதே
கலிமுல்லா டேப்பை எடுத்து
டியூஷன் அறையை அளந்துகொண்டிருந்தார்.
பன்னிரண்டுக்குப் பதினான்கு.
தெருவில் இருந்து நாலடி உயரம்,
தனி வாசல், சிமெண்ட் தரை, ஒரு கரும்பலகை.
வாசலை இரண்டடி மேலே இடிக்க வேண்டும்.
படிக்குப் பதில் சாய்தளம்.
தரைக்கு ரப்பர் விரிப்பு, மேலே வைக்கோல்.

எப்படிச் சொல்வதென்று நான் இழுக்க
டீச்சர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.
"தாராளமா. புரியாம தலையாட்டினவங்க
எத்தனையோ பேர் அங்கே உட்கார்ந்திருக்காங்க.
இவளாவது நின்னுக்கட்டும்."

வங்கிப் படிவத்தில் ஒரு கட்டம்:
குடியிருப்போர் எத்தனை பேர்.
மூன்று என்று எழுதினேன்.
மேலாளர் பிள்ளையின் வயதைக் கேட்டார்.
ஒன்பது என்றேன், பொய்யில்லை.

சித்திரையில் பத்திரம்.
ஆடியில் சாய்தளத்துச் சிமெண்ட் காயுமுன்
அவள் ஏறிப் பதித்த ஒரு லாடத்தடம்,
பூசவில்லை, அப்படியே விட்டோம்.

நேற்று ஐப்பசி பதிமூன்று.
நான்கு நாளாய் விடாத மழை.
தெரு தெரியவில்லை,
மூன்றாம் படியில் தவளை.
கொல்லை மேட்டில்
அக்கம்பக்கத்து மாடுகள் ஒன்பது
பட்டா இல்லாமல் அசைபோடுகின்றன.
கரும்பலகையில் டீச்சர் அழிக்காமல் விட்டுப்போன
பதினாறாம் வாய்ப்பாட்டை
பாதி வரை நக்கித் தீர்த்திருந்தாள் பொடிமட்டை.

உத்திராபதி போன் செய்தார்.
"என்னம்மா, தண்ணி நிக்குதா?"
நிக்குது என்றேன்.
அவளும் நிக்கிறாள்.
நாலு காலில்.