தடா சாவடிக்கு இந்தப் பக்கம்

முதல் நாள்
ஷூவைக் கழற்றி
ரோட்டோரம் ஜோடியாக வைத்துவிட்டுக்
காரில் ஏறினார் குவாபரா சார்.
கம்பெனி கேட்டில்தான் கவனித்தேன்.
திரும்பிப் போனபோது ஒன்று இருந்தது.
இன்னொன்றை எந்த நாய்
எந்த மாநிலத்துக்குக் கொண்டுபோனதோ.
மறுநாளிலிருந்து சீட்டுக்கடியில்
பழைய பேப்பர் விரித்தேன், ஷூவுக்கென்று.

தடாவில் டிபன் போடும் சுப்பரத்தினம்மாவிடம்
"போதும்" என்பார்.
ஆரம்பாக்கம் டீக்கடையில்
"சாலு" என்பார்.
இரண்டு பேருக்கும் இரண்டும் புரியும்.
புரியாத மாதிரி
இன்னும் கொஞ்சம் ஊற்றுவார்கள்.

பெட்ரோல் மட்டும் தமிழ்நாட்டில்.
அது நான் சொல்லிக்கொடுத்தது.

கரண்ட் போன ஒரு ராத்திரி கூப்பிட்டார்.
இன்வெர்ட்டர் என்று நினைத்து ஓடினேன்.
மொட்டைமாடியில் நின்று
ஏரிப் பக்கம் கைகாட்டி
"நட்சத்திரம்?" என்றார்.
இறால் பண்ணை சார், ஜெனரேட்டர் விளக்கு.
"நல்லா இருக்கு."

ஜனவரியில் ஊருக்குப் போனவர்
பதினாறாம் நாள் வந்து இறங்கினார்.
குனிவார் என்று
மீனம்பாக்கத்தில் கதவைப் பிடித்தபடி நின்றேன்.
குனியவில்லை.
ஷூவோடு ஏறி, சீட்டைச் சாய்த்து,
கும்மிடிப்பூண்டி வருமுன் குறட்டை.

நான்தான் இப்போதெல்லாம்
செருப்பைக் கழற்றிவிட்டு ஓட்டுகிறேன்.
காலுக்கு
பிரேக் நன்றாகத் தெரிகிறது.